நம் படத்தை நாமே போடுவோம்

"பாட்டு நல்லாத்தான் இருக்கு, நடுவுல உன் மூஞ்சி எதுக்கு?"

பறை அடிக்கிற, பாடுகிற, சுவரில் ஓவியம் வரைகிற, கவிதை எழுதுகிற நம் பிள்ளைகள் தங்கள் படைப்போடு தங்கள் புகைப்படத்தையும் சேர்த்து வெளியிட்டால் வருகிற முதல் கேள்வி இதுதான். ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரக் காலனிகளிலும் வேலை செய்கிற நாங்கள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். ஆதிக்கச் சாதிக்காரர்கள் மட்டும் கேட்டால் பதில் எழுத இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெரியவர்களே கேட்கிறார்கள். இயக்கத் தோழர்களும் கேட்கிறார்கள். "தனிநபர் விளம்பரம் வேண்டாம் தோழர், கலை மக்களுக்கானது" என்று கொஞ்சம் நாகரிகமாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். விளைவு என்ன? நல்ல குரல் உள்ள பிள்ளைகள் டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போய்ப் பாட்டைப் பதிவேற்றுகிறார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் அருவியையோ சூரிய உதயத்தையோ வைக்கிறார்கள். பாட்டு பல கைகளுக்குப் போகிறது. பாடியது யார் என்று யாருக்கும் தெரிவதில்லை.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வருகிற கலைஞர் தன் படைப்போடு தன் முகத்தையும் பெயரையும் சேர்த்து வைப்பது பந்தா ஆகாது. அது கையெழுத்து. அதைப் போடாமல் விட்டால் அந்த இடம் காலியாகக் கிடக்காது; வேறொருவர் முகம் அங்கே வந்து உட்காரும்.

நம்மைப் படம் எடுத்தவர்கள்

கேமரா இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்தே நம்மைப் படம் எடுத்திருக்கிறார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, தாங்கள் ஆளும் மக்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள ஆங்கிலேய அரசு விரும்பியது. 1868 முதல் 1875 வரை 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் 8 தொகுதிகள் வந்தன. அவற்றில் நூற்றுக்கணக்கான புகைப்படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெரும்பாலும் இருப்பது சாதியின் பெயர், இனக்குழுவின் பெயர். படத்தில் நிற்கிற மனிதரின் பெயர் அபூர்வம்.

நம் சென்னையிலும் அதுதான் நடந்தது. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். படமும் எடுத்தார். 1909இல் கே. ரங்காச்சாரியின் துணையோடு 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 7 தொகுதிகளாக வந்தது. ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லி மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. சமூகவியல் படித்தவர்கள் அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் பட்டம் வாங்கியிருக்க முடியாது. அந்தப் புத்தகம் நமக்கு மானிடவியல் தரவு. படத்தில் இருப்பவர்களுக்கு அது என்ன? அவர்களிடம் யாரும் அனுமதி கேட்டார்களா, அச்சான படத்தை ஒருமுறையாவது காட்டினார்களா என்பதைப் புத்தகம் சொல்வதில்லை.

நூறு ஆண்டு தாண்டி வருவோம். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில், ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினர் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அவர்களில் இருந்தார்கள். மறுநாள் செய்தித்தாள்களில் வந்த படங்களை நாம் மறக்கவில்லை. மரக்கட்டைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக உடல்கள். 'செம்மரக் கடத்தல்காரர்கள்' என்ற தலைப்பு. ஜவ்வாது மலையின் மனிதர்களை நாடு முழுவதும் ஒரே நாளில் பார்த்தது அந்தப் படங்களில்தான். கூலி வேலைக்குப் போன மனிதனின் முகத்தை உலகம் முதலும் கடைசியுமாகப் பார்த்த படத்தில் அவன் பிணம். தன்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

அப்படியானால் நல்ல நாளில் எடுக்கும் படங்களில் மட்டும் பெயர் இருக்கிறதா? ஜமுனாமரத்தூரில் அரசு நடத்தும் கோடை விழாவுக்குப் போய்ப் பாருங்கள். மலை மக்கள் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். கேமராக்கள் சூழ்ந்து நிற்கின்றன. மேடையில் இருந்த அமைச்சர், ஆட்சியர், அதிகாரிகள் பெயரெல்லாம் செய்தியில் வரிசையாக வரும். ஆடியவர்களுக்கு? 'பழங்குடியினர் பாரம்பரிய நடனம் ஆடினர்.' அவ்வளவுதான். அதே மலையில் காவலூர் வானாய்வு மையம் இருக்கிறது. 1988இல் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, கணித மேதை ராமானுஜன் பெயரை அதற்கு வைத்தார்கள். எத்தனையோ கோடி கிலோமீட்டருக்கு அப்பால் சுற்றுகிற ஒரு கல்லைப் படம் எடுத்து அதற்குப் பெயரும் வைக்க முடிந்த மலை இது. பத்தடி தூரத்தில் ஆடுகிற பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதத்தான் யாருக்கும் நேரமில்லை.

எங்கள் தொண்டு நிறுவனத் துறையையும் இதில் விட்டுவிட முடியாது. ஆண்டறிக்கை அட்டையில், நிதி கேட்கும் துண்டறிக்கையில், காலண்டரில் யார் முகம்? மூக்கு ஒழுகும் குழந்தை, சுள்ளி சுமக்கும் பாட்டி. நம் முகத்துக்குச் சந்தையில் விலை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நமக்குத்தான் அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

தன் படத்தைத் தானே விற்ற பெண்

இதே கேள்வியை நமக்கு 160 ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். சோஜர்னர் ட்ரூத் நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. விடுதலை பெற்ற பின் அடிமை முறைக்கு எதிராகவும் பெண்ணுரிமைக்காகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், பாடினார். அந்த வேலைக்குப் பணம் வேண்டுமே? 1860களில் சின்ன அட்டையில் ஒட்டிய புகைப்படங்கள் புதிதாகப் பரவியிருந்தன. அவர் ஸ்டுடியோவுக்குப் போய்த் தன்னைப் படம் எடுத்துக்கொண்டு, கூட்டங்களிலும் தபாலிலும் விற்றார். நிழலை விற்று உடலைக் காப்பாற்றுகிறேன் என்ற பொருளில் ஒரு வாசகத்தை அட்டையிலேயே அச்சிட்டார். 1864இல் அந்தப் படத்தின் காப்புரிமையைத் தன் பெயரிலேயே பதிவும் செய்தார். ஒரு காலத்தில் சந்தையில் விலை பேசி விற்கப்பட்ட பெண், தன் உருவத்துக்குத் தானே உரிமையாளர் என்று சட்டத்தின் முன் எழுதி வைத்தார்.

அந்தப் படங்களில் அவர் எப்படி இருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். சுத்தமான உடை, கண்ணாடி, மடியில் பின்னல் வேலை, பக்கத்து மேசையில் புத்தகம். அதே காலத்தில் வட அமெரிக்கா முழுக்கப் பரவிய இன்னொரு படம் உண்டு: சாட்டையடியால் முதுகு முழுக்கத் தழும்பேறிய ஓர் அடிமையின் படம். அடிமை முறையின் கொடுமையை உலகுக்குக் காட்ட அது பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அந்த முதுகுக்குச் சொந்தக்காரரின் பெயர் கார்டனா பீட்டரா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ட்ரூத்தின் பெயரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து எழுத்தாளரும் பேச்சாளருமான ஃபிரெடெரிக் டக்ளஸும் இதைத் தெரிந்தே செய்தவர். அவருடைய சுமார் 160 புகைப்படங்கள் கிடைத்துள்ளன. 19ஆம் நூற்றாண்டில் அதிகமாகப் புகைப்படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் அவர்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆபிரகாம் லிங்கன்கூட அவருக்குப் பின்னால்தான். பெரும்பாலான படங்களில் சிரிப்பு இல்லை. கறுப்பரைக் கோமாளியாக்கிச் சிரிக்க வைத்த கேலிச்சித்திரங்களும் நாடகங்களும் மலிந்திருந்த காலம் அது. அதற்கு எதிராக நேராகப் பார்க்கிற தன் முகத்தை வைத்தார். புகைப்படத்தைப் பற்றியே மேடைகளில் உரையாற்றினார்.

நமக்கு இது புதிதல்ல. நம் காலனி வீடுகளில் சுவரைப் பாருங்கள். கோட்டு சூட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். பாபாசாகேப் எழுதிய நூல்கள் போதும், அவர் முகம் எதற்கு என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கோவணத்தோடு நிறுத்திவைக்க நினைத்தவர்கள் முன்னால் அந்த உடையும் அந்த நிமிர்வும் எதைச் சொல்கின்றன என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அந்த உருவத்தை உடைக்கிறார்கள். அதனால்தான் பல ஊர்களில் அவர் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது.

முகம் இல்லாமல் போனவர், முகம் விடப்பட்டவர்

முகத்தை வைக்க விடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. மலையாளத்தின் முதல் திரைப்படம் 'விகதகுமாரன்'. ஜே.சி. டேனியல் இயக்கியது. அதன் கதாநாயகி பி.கே. ரோசி, புலையர் சமூகத்தைச் சேர்ந்த பெண்; நாட்டார் நாடகங்களில் நடித்துப் பழகியவர். படத்தில் அவர் ஏற்றது நாயர் பெண் வேடம். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது ஆதிக்கச் சாதியினர் கலவரம் செய்தார்கள். ரோசி ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, நடித்தேன் என்றே வெளியில் சொல்லாமல் வாழ்ந்து முடித்தார். படச்சுருளும் அழிந்துவிட்டது. இன்று ரோசியின் படம் என்று சுற்றிவருவது அவர் படம்தானா என்பதே உறுதியில்லை. 2023இல் கூகுள் அவரைத் தன் முகப்பில் கௌரவித்தது, ஓவியமாக. நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. பெயரை மீட்டுவிட்டோம். முகத்தை மீட்க முடியவில்லை.

அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாதபடி 2021 வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் வெளியான 'எஞ்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்க ஒலித்தது. அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய பாட்டு. இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையும், நிலமற்ற உழைக்கும் மக்களின் வரலாறும் அந்தப் பாட்டின் அடிநாதம். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் 'எஞ்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' இரண்டு பாட்டுகளையும் முன்வைத்துத் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டிலும் எழுத்துப் பங்கு உள்ள அறிவு அட்டையில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். பலரும் கேட்டார்கள். அதன் பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.

2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தப் பாட்டு மேடையேறியபோதும் அறிவு அங்கு இல்லை. தன் உழைப்பைப் பற்றி அவர் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பை எழுதினார்கள். மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நாம் இங்கே தீர்ப்பு எழுதப் போவதில்லை. 2024இல் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று காணொளியில் சொன்னார். ஆக, கலைஞர்கள் எல்லோரும் ஏமாறக்கூடிய சந்தை இது. ஆனால் அட்டைப் படம் என்று வருகிறபோது முதலில் விடுபட்டுப்போகிற முகம் யாருடையது என்பதுதான் நம் கேள்வி. அறிவுக்கு மக்கள் ஏன் உடனே குரல் கொடுக்க முடிந்தது? அவர் முகமும் பெயரும் மக்களுக்கு முன்பே தெரிந்திருந்தன. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடைகளில் அவரைப் பார்த்திருந்தார்கள். அருவிப் படத்தோடு பாட்டை வெளியிட்ட மலைப் பிள்ளைக்கு நாளை இப்படி நடந்தால், 'இவரைக் காணோமே' என்று கேட்க யாருக்குத் தெரியும்?

எதிர்க் கேள்விகள்

'கலை பேசட்டும், கலைஞர் பேச வேண்டாம்' என்பது கேட்க அழகாக இருக்கிறது. இதைச் சொல்ல வசதி இருப்பவர் யார்? சபாவில் பெயர்ப் பலகை உள்ளவர். பத்திரிகை தானாகவே படம் போடுகிறவர். குடும்பப் பெயரே அறிமுகமாக இருப்பவர். அவர் முகம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. நம் கலைக்கு இதுவரை கிடைத்த பெயர் 'நாட்டுப்புறம்', 'பாரம்பரியம்', 'கிராமியம்'. எழுதியவர் யாரென்று தெரியாத பாட்டை யாரும் எடுத்துச் சினிமாவில் போட்டுக்கொள்ளலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி நியாயமானது. காதுகுத்துக்குக்கூட ஆளுயர ஃபிளெக்ஸ் வைக்கிற நாட்டில் நாமும் அதே பித்தில் விழ வேண்டுமா? வேண்டாம். ஃபிளெக்ஸில் முகம் மட்டும் இருக்கிறது. செய்த வேலை இருப்பதில்லை. நாம் கேட்பது, வேலை இருக்கிற இடத்தில் அதைச் செய்தவர் முகமும் இருக்கட்டும் என்பது. பத்துப் படம் போட்டு ஒரு பாட்டுக்கூடப் போடாதவரிடம் நாமும் அதே கேள்வியைக் கேட்போம். அதோடு, குழுவாகச் செய்த வேலையில் ஒருவர் முகம் மட்டும் வந்தால், நமக்கு மற்றவர்கள் செய்ததை நம் ஆட்களுக்கே நாம் செய்கிறோம் என்று பொருள். நால்வர் அடித்த பறைக்கு நால்வர் படமும் வர வேண்டும்.

மூன்றாவது கேள்வி பயம். அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. முகம் தெரிந்தால் சாதி தெரியும்; வாடகை வீடு, வேலை, கல்லூரி விடுதி எல்லாவற்றிலும் அது எதிரொலிக்கும். பெண் பிள்ளைகளுக்குப் படத்தை மார்பிங் செய்வார்களோ என்ற அச்சம், வீட்டில் திருமணப் பேச்சு என்று இன்னும் இரண்டு சுமை கூடுதல். ஆகவே யாரையும் 'தைரியமாகப் படம் போடு' என்று நெருக்கக் கூடாது. பறையைப் பிடித்த கைகள், வரையும்போது பின்னாலிருந்து எடுத்த படம், புனைபெயரோடு ஒரே அடையாளச் சின்னம் என்று வழிகள் உண்டு. மறைப்பதா காட்டுவதா என்ற முடிவு கலைஞருடையதாக இருக்க வேண்டும். வெட்கமோ ஊர்ப்பேச்சோ அந்த முடிவை எடுக்கக் கூடாது. சாதியைச் சொல்லி இணையத்தில் இழிவு செய்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. பழங்குடிப் பெண் ஒருவரை யூடியூபில் இழிவுபடுத்தியவர் முன்ஜாமீன் கேட்ட வழக்கு அது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு, இணைப்போடு சேமித்து வையுங்கள்.

செய்ய வேண்டியவை

உங்கள் படத்தை எப்படி எடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். விழாவுக்கு வந்தவர் 'இலை தழை கட்டிக்கொண்டு நில்லுங்க, அப்பத்தான் டிரைபல் மாதிரி இருக்கும்' என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். ஜீன்ஸ் போட்டுப் பாடுகிறவர் ஜீன்ஸோடுதான் படத்தில் இருக்க வேண்டும். வீட்டு வாசல், சாமை வயல், ஒத்திகை நடக்கும் பள்ளித் திண்ணை, எது உங்கள் இடமோ அது பின்னணியாக இருக்கட்டும். வறுமையைக் காட்டித்தான் கவனம் வாங்க முடியும் என்று யாராவது சொன்னால், ட்ரூத்தின் மடியில் இருந்த பின்னல் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

படத்துக்குக் கீழே முழு விவரம் எழுதுங்கள்: பெயர், ஊர், என்ன செய்தீர்கள், யாரோடு சேர்ந்து செய்தீர்கள், எந்த ஆண்டு. படம் எடுத்தவர் பெயரும் வேண்டும். நம் பெயரைக் கேட்கிற நாம் அடுத்தவர் பெயரை விழுங்கக் கூடாது. பாட்டியிடம் கேட்டுக் கற்ற பாட்டு என்றால், அவர் சம்மதித்தால், பாட்டியின் பெயரையும் படத்தையும் முதலில் போடுங்கள்.

சட்டத்தில் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர். நண்பர் சும்மா எடுத்துக் கொடுத்த படத்தின் உரிமை நண்பருக்கு. பயன்படுத்த அனுமதி என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை உங்களுக்கே. செல்ஃபி எடுத்தால் கேள்வியே இல்லை. மேடையில் பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் தனி உரிமைகள் உண்டு. 2012 திருத்தம், இந்த நிகழ்ச்சியை நிகழ்த்தியவர் இவர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையையும் சேர்த்தது. ஆக, பெயரைப் போடச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

நிகழ்ச்சி நடத்துகிற நமக்கும் வேலை இருக்கிறது. கல்லூரியில் பறையாட்டம் வைக்கிற மாணவர் அமைப்பு, சுவரொட்டியில் சிறப்பு விருந்தினரின் படத்தைப் பெரிதாகவும் கலைஞர்களைப் 'பறை இசை முழங்க' என்ற ஒரே வரியாகவும் அச்சிடுவதை நிறுத்த வேண்டும். கலைஞர்கள் படமும் பெயரும் அதே அளவில் வரட்டும். அடுத்த கோடை விழாவுக்கு முன்பே ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்: மேடையேறும் ஒவ்வொரு மலைக் கலைஞரின் பெயரும் ஊரும் அழைப்பிதழில் இருக்க வேண்டும், அறிவிப்பாளர் அதை வாசிக்க வேண்டும், பத்திரிகையாளர்களுக்குக் கொடுக்கும் குறிப்பிலும் அது இருக்க வேண்டும். பணம் செலவாகாத கோரிக்கை. மறுப்பதற்குக் காரணம் தேடத்தான் சிரமப்படுவார்கள்.

மாணவத் தோழர்களே, அடுத்த முறை உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் தன் பாட்டோடு தன் படத்தைப் போட்டால், 'என்ன பந்தா' என்று எழுதுகிறவர்களுக்கு முன்னால் நீங்கள் அங்கே போய் நில்லுங்கள். பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள். பகிரும்போது பெயரோடு பகிருங்கள். நம்மை அளந்து, எண் போட்டு, பெயரில்லாமல் அச்சிட்ட புத்தகங்கள் நூலகத்தில் இருக்கின்றன. நாம் போடுகிற படங்களும் ஒருநாள் நூலகத்துக்குப் போகும். அவற்றின் கீழே பெயர் இருக்கட்டும்.

ஜெய் பீம்.